ஏழாவது பாட்டில்

கரியப்பன் தினமும் காலையில் பரிசலில் போய், பேரிகைப் பக்கத்துக் குடிநீர்த் தேக்கத்தில் ஆறு இடங்களில் தண்ணீர் எடுத்து வருவார். ஆய்வகத்தில் ரூபா பெட்டியைத் திறந்தால் ஏழு பாட்டில்கள் இருக்கும்.

“ஆறுதான் மேடம் மொண்டேன்” என்பார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஏழாவதின் சீட்டில் இருப்பது மாதேஸ்வரியின் கையெழுத்து. கரியப்பனுக்கு முன்னால் தண்ணீர் எடுத்தவள். மதியம் ரூபாவோடு உட்கார்ந்து சாப்பிட்டவள். போன ஐப்பசியில் பரிசல் மட்டும் கரைக்கு வந்தது.

ஆறு பாட்டில்களிலும் நுரை நிற்கும், சாக்கடை நாற்றம் அடிக்கும். ஏழாவது மட்டும் சுத்தமாக இருக்கும்.

“எது பாஸாவுதோ அத ஏத்தி அனுப்பும்மா. ஊருக்குத் தண்ணிய நிறுத்த முடியுமா?” என்றார் இன்ஜினியர்.

ரூபா ஏழாவதின் அளவுகளை அனுப்பினாள். ஊர் மற்ற ஆறையும் குடித்தது. ரூபாவின் வீட்டிலும் அதே குழாய்தான்.

சீட்டில் ஆழம் என்று ஒரு கட்டம் உண்டு. கரியப்பன் எப்போதும் ஒரு அடி என்று எழுதுவார். ஏழாவதின் சீட்டில் மாதேஸ்வரி முதலில் பத்து அடி என்று எழுதியிருந்தாள். அடுத்த மாதம் முப்பது. பங்குனியில் தொண்ணூறு. தேக்கத்தின் மொத்த ஆழமே இருபத்தெட்டு அடி. ரூபா யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் நன்றாக இருந்தது.

இன்று ஏழாவது பாட்டிலிலும் கழுத்துவரை நுரை. ஆழம் நானூற்றுப் பன்னிரண்டு அடி. மை கரைந்திருந்தாலும் அதன் கீழே எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது.

“இதுக்குக் கீழயும் இதேதான் ரூபா.”