பதினொன்று இருபத்து நான்கு வரை

ஓசூர் தொழிற்சாலையின் கணினி அறையில் மூன்று மணி வெயில் கோடு கோடாக விழுகிறது. காலை 11:25-க்கு நிர்வாக அலுவலர் பூபதி எதையோ தட்டி, நானூறு தொழிலாளர்களின் வருகைப் பதிவை அழித்துவிட்டார். கணினிப் பிரிவின் ஒப்பந்த ஊழியர் கிருபாராணி ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப் நகலைத் திரும்ப ஏற்றிவிட்டாள். அதற்குப் பிந்தைய மாற்றங்களெல்லாம் இருக்கும் லாக் கோப்புகளை இனி வரிசையாக ஓட்டி, 11:24-இல் நிறுத்த வேண்டும். அதற்கப்புறம் பதிந்தது எதுவும் மிஞ்சாது. 11:40-க்குத்தான் அதே தரவுத்தளத்தில் அவள் பெயருக்கு நேரே ‘நிரந்தரம்’ என்று ஏறியது. மூன்று வருடம் காத்திருந்தது. பர்கூர் கல்குவாரியில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொல்லியும் விட்டாள். “உன்னோடத அப்புறம் ஏத்திக்கலாம்மா” என்கிறார் பூபதி. “போன தடவையும் அப்புறம்னுதான் சொன்னீங்க. தட்டினது நீங்க, போறது என்னுதா சார்?” “பெங்களூர் ஹெட் ஆபீஸ்ல மறுபடி ஓகே வாங்கணும்மா. நான் என்ன பண்ணட்டும்?” அடுத்த ஷிப்டு பஸ்கள் வாசலில் திரும்பும் ஓசை கேட்கிறது. அவள் நேரத்தை அடித்து, என்டரை ஓங்கித் தட்டுகிறாள். கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி நிற்கின்றன. நானூறு பேரின் வருகையும் திரும்பிவிட்டது. பூபதி நாற்காலியில் சாய்கிறார். அவள் தன் பெயரைத் தேடித் திறக்கிறாள். ‘ஒப்பந்தம்’ என்றிருக்கிறது. அந்தச் சொல்லை ஒரு விரலால் மறைத்துக்கொண்டு பார்க்கிறாள். விரலுக்கடியில் திரை இளஞ்சூடாக இருக்கிறது.