சாவிக்கொத்து

மருமகள் தாரணி தினமும் விழுங்குவது சத்து மாத்திரை அல்ல, வலிப்பு மாத்திரை என்று ஆறாம் மாதத்தில்தான் வடிவாம்பாளுக்குத் தெரிந்தது. பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"திடீர்னு நிறுத்தினா ஆபத்துன்னு டாக்டர் சொல்லிருக்காங்க அத்தை."

"வயித்துப் புள்ளைக்கு ஆகாது. நாங்கள்லாம் மாத்திரையத் தின்னா பெத்தோம்?"

வளைகாப்பன்று மனையில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சரிந்தாள். கைகால்கள் வெட்டி இழுத்தன. புது வளையல்கள் தரையில் அடிபட்டு நொறுங்கின. "இரும்பு! கையில இரும்பக் குடுங்க!" என்று பெண்கள் அலறினார்கள்.

வடிவாம்பாள் சாவிக்கொத்தை உருவித் தாரணியின் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடி, தன் இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள்.

"விட்றாத கண்ணு, கெட்டியாப் புடிச்சுக்க" என்று அழுதாள்.

பீரோ சாவி மட்டும் விரலிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தது.