எம்.பி. வீட்டு வாசலில்

"இன்னா நைனா, எலெக்‌ஷன்ல அந்தாள எதிர்த்து நின்னே. இப்ப அவன் வூட்டு வாசல்லயே நிக்கிறியாமே?"

டீக்கடை கமாலுதீன் பாய் கேட்டதும் லூயிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"கொஞ்சம் வேல கீது பாய்."

"இன்னா வேல? உனுக்கோசரம் காலடிப்பேட்டை பூரா தொண்ட கிழிய ஓட்டு கேட்டவன் நான். கடைசில ஜெயிச்சவன் கால்லயே வுழுந்துட்டியே!"

லூயிஸ் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

துறைமுகத் தொழிலாளி அவர். எழுபத்தொன்று தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றவர். தோற்றதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஜெயித்த எம்.பி. டெல்லியிலிருந்து வரும்போதெல்லாம் லூயிஸ் கையில் பையோடு அவர் வீட்டுக்கு ஓடுவதைத்தான் கடலோரக் குப்பத்தில் யாராலும் சகிக்க முடியவில்லை.

அந்த வருஷம் கடல் பதினேழு வீடுகளை விழுங்கியிருந்தது.

"ஊரு கடல்ல போவுது. இவரு கான்ட்ராக்ட் கேட்டுகினு அலையறாரு."

மாதா கோயிலில் இதைக் காதாரக் கேட்ட மனைவி டோரதி, வீட்டுக்கு வந்து அழுதாள்.

"இன்னாத்துக்குப் போறீங்கன்னு என்கிட்டயாவது சொல்லுங்க."

"வேல முடியட்டும் டோரதி."

ஆறு மாதம் கழித்துக் கருங்கல் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. கடலை மறிக்கத் தடுப்புச் சுவர்! தொடக்க விழாவுக்கு எம்.பி. வந்தார். கூட்டத்தின் கடைசியில் நின்ற லூயிஸைப் பார்த்ததும் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எம்.பி. மைக்கைப் பிடித்தார்.

"பார்லிமென்டுல ஒரு மெம்பர் கேள்வி கேட்டா, எவ்வளவு பெரிய மந்திரியா இருந்தாலும் எழுந்து பதில் சொல்லியே ஆகணும். எந்த மாசம் கடல் எத்தனை அடி உள்ள வந்துது, யார் யார் வீடு போச்சு, எல்லாத்தையும் வெச்சிக் கேட்டேன். மந்திரியால மறுக்க முடியல."

கைதட்டல் எழுந்தது. எம்.பி. கையமர்த்தினார்.

"ஊர் முழிக்கிறதுக்கு முன்னாடி கயிறு போட்டுக் கரையை அளந்து, கேள்வியையும் எழுதிக் குடுத்தவர் அதோ நிக்கிறாரு. என்னை எதிர்த்து நின்ன லூயிஸ்."

மொத்தக் கூட்டமும் திரும்பியது. டோரதி நிமிர்ந்து நின்று கணவனைப் பார்த்தாள்.

"'எனக்கு எதுக்குய்யா உதவுறே?'ன்னு கேட்டேன். 'நான்தானே சார் தோத்தேன், கேள்வியுமா தோக்கணும்?'னாரு."