அக்கரைச் சேலை

கொக்குத்தீவின் தொலைநோக்கியில் அக்கரை பளிச்சென்று தெரியும். மனிதர்கள் மட்டும் தெரியமாட்டார்கள். பிரிந்துபோன நாட்டின் இரண்டு அரசுகளும் தொலைநோக்கிப் படத்தில் ஆட்களின் உருவத்தை அழித்துவிட்டுத்தான் அடுத்த கரையைக் காட்டின. ஆனால் அந்த மண்டு எந்திரத்துக்குத் துணிமணியை அழிக்கத் தெரியவில்லை.

அதனால் காணும் பொங்கலன்று திலகா, தானும் இப்போது அக்கரையில் இருக்கும் தங்கை மேகலாவும் ஜோடியாக எடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்துவிடுவாள். இந்த வருடமும் அக்கரை மணலில் அதே சேலை, ஆளில்லாமல் துள்ளிக்கொண்டிருந்தது.

“மேகலாதாங்க!” என்று கணவனின் தோளை உலுக்கினாள்.

அப்புறம் தொலைநோக்கியில் கண்ணை இன்னும் அழுத்திப் பார்த்தாள். சேலையின் இடுப்பையொட்டி, அந்தரத்தில் ஒரு குட்டி மஞ்சள் கவுன் உட்கார்ந்திருந்தது.

“ஐயோ, நான் பெரியம்மா ஆயிட்டேங்க!”

திலகா முந்தானையை வீசி வீசி ஆட்டினாள். அங்கே, மேகலா பிடித்துத் தூக்கிவிட்டிருக்க வேண்டும், கவுனின் வெறும் கை மேலெழும்பி டாட்டா காட்டியது.