அமலோற்பவத்தின் அடுப்படி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஓர் அடுப்பின் கதை சொல்கிறேன்.

தூத்துக்குடியில் அமலோற்பவத்தின் தம்பி சேசுராஜ், பீட்சா கம்பெனிக்கு ஏஜென்ட் ஆனான். இனி கடையே வேண்டாம், வீட்டு அடுப்படிகள்தான் கிளைகள் என்றது கம்பெனி. யாரும் முன்வரவில்லை. தம்பியின் முகம் வாடப் பொறுக்காமல் முதல் அடுப்படியை அவள்தான் கொடுத்தாள். அவளைப் பார்த்துத் தெருவே கொடுத்தது.

பிறகு மகள் ரெஜினா கைக்குழந்தையோடு தாய்வீடு வந்தாள். அவளுக்குப் பால் ஊறட்டும் என்று அமலோற்பவம் பால்சுறாவை வேகவைத்தாள். மீன் வாசம் பட்டதுமே, கம்பெனி பொருத்திவைத்திருந்த அடுப்பு தானாக அணைந்தது. கம்பெனிக்குத் தகவல் போய், சேசுராஜ் வாசலில் வந்து நின்றான்.

“யக்கா, வேற எதுவும் சமைக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே!”

“அது சும்மா பேருக்குன்னு நீதானல சொன்ன?”

“சொல்லலைன்னா குடுத்திருப்பியா?” என்று சிரித்தான். “மருமவளுக்கு ஒரு பீட்சா அனுப்புதேன்.”

அவள் சட்டியோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

“ஒங்கள நம்பித்தான நாங்களும் குடுத்தோம்?” என்று கதவைச் சாத்தினார்கள்.

ரெஜினா மாமியார் வீட்டுக்கே திரும்பினாள். வேகாத சுறாவைப் பொட்டலம் கட்டி மகள் கையில் கொடுத்தாள் அமலோற்பவம்.

உங்கள் வீட்டு அடுப்பு உங்கள் சொல்லுக்கே எரியட்டும். பிள்ளை பெற்று வரும் மகள் அங்கே வயிறார உண்ணட்டும்.