வாடை

"எதைப் போட்டெல்லாம் கழுவுற? என்கிட்ட மறைக்காதம்மா" என்றார் டாக்டர் ஒலிவா.

நூரிஸ் எழுந்து உட்கார்ந்து பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "துணி துவைக்கிற குவாபா சோப்பு. கொய்யா இலை வேகவச்ச தண்ணி. அப்புறம்... வினிகர்."

"உள்ளேயுமா?"

தலையை ஆட்டினாள்.

"அடிப் பாவி மகளே, அதான் இப்படிப் புண்ணாகி எரியுது. உள்ளே எதையும் விடக்கூடாது. அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். வெளியில வெறும் தண்ணி போதும்."

"வாடை அடிக்குதே டாக்டர்."

"ஒரு கெட்ட வாடையும் இல்ல. டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்ல. பொண்ணா பொறந்தா இருக்கிற வாசம்தான். யாரு சொன்னது?"

"என் புருஷன் எலாடியோதான். போன வருஷம் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கிட்டு ஹாலுக்குப் போன ஆளு. அதுக்கப்புறம் என் பக்கத்துல படுக்கவே இல்ல."

அன்றிலிருந்து அவள் பேருந்தில்கூட யார் பக்கத்திலும் உட்காருவதில்லை. தேவாலயத்தில் கடைசி பெஞ்சு. தோழிகள் கட்டிப்பிடிக்க வந்தால் கூனிக் குறுகி விலகிவிடுவாள். ராத்திரி வந்தால் அந்தப் பெரிய கட்டிலும் அவளும்தான். டாக்டரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

வீடு திரும்பியபோது கால் தரையில் பாவவில்லை. இன்று ராத்திரி அவன் கட்டிலுக்கு வந்துவிடுவான். சிவப்பு பீன்ஸ் குழம்பை இறக்கிவிட்டு, சோற்றுப் பானையை மூடிச் சிறுதீயில் வைத்தாள். டோமினோ ஆட்டம் முடிந்து வந்த எலாடியோ, அடுப்பை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தான்.

"டாக்டர் பாத்துட்டாங்க. எனக்கு ஒரு வாடையும் இல்லையாம்."

"டாக்டருக்கு என்ன தெரியும்? கூடப் படுத்தவனுக்குத்தான தெரியும்."

சுருக்கென்றது. அவன் எதிரில் அழக்கூடாதென்று கொல்லைப் பக்கம் போனாள். காய்ந்த துணியில் முகத்தைப் புதைத்து ஆசை தீர அழுதாள். கருகல் வாடை வந்த பிறகுதான் சோற்றின் நினைவே வந்தது. ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"பக்கத்துலயே உக்காந்திருக்க. சோறு தீயுற வாடை கொல்லை வரைக்கும் வருது. ஒரு குரல் குடுத்தா என்ன?"

"எனக்கு எங்க தெரியும்?" போனிலிருந்து கண்ணை எடுக்காமலே எரிந்து விழுந்தான் எலாடியோ. "மூணு வருஷம் முன்னாடி கொரோனா வந்து கிடந்தப்பவே மூக்கு செத்துப்போச்சு. அன்னையிலேருந்து நல்ல வாசனை, கெட்ட வாசனை ஒரு எழவும் தெரியறதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.