காணிக்கை முட்டை

"இங்கயும் வியாபாரமா, நெனிட்டா? கன்னியர் மடத்தையாவது விட்டுவைக்கக் கூடாதா?"

அட்டர்னி ரோவேனா வில்யாருஸ் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெனிட்டா, சட்டென எழுந்து இடம் விட்டாள். அட்டையின் ஓரத்தில் நான்காய் மடித்த காகிதம் ஒன்று செருகியிருந்தது.

"பில்லையும் கையோட கொண்டாந்துட்டா பாரு, மாரே" என்றாள் ரோவேனா, கூட வந்திருந்த டாக்டர் மாரிவிக்கிடம். நெருங்கிய தோழிகள் அங்கே ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூவரும் இலோய்லோ நகரில் ஒரே பெண்கள் பள்ளியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். சனிக்கிழமை அந்த வகுப்பின் வெள்ளி விழா. பள்ளி மைதானத்தில் விருந்து என்பதால், மழை வரக்கூடாது என்று ரோவேனாவும் மாரிவிக்கும் புனித கிளாராவின் மடத்துக்கு முட்டை காணிக்கை கொண்டுவந்திருந்தார்கள். கல்யாணத்தன்று வெயில் அடிக்க வேண்டும் என்றாலும், பரீட்சையில் தேற வேண்டும் என்றாலும், ஒரு சீட்டில் பெயரை எழுதி முட்டையோடு கொடுத்துவிட்டால் மடத்துச் சகோதரிகள் ஜெபித்துக்கொள்வார்கள்.

ரோவேனாவின் கூடைக்குப் பட்டு ரிப்பன் கட்டியிருந்தது. வக்கீலான நாளிலிருந்து, 'அட்டர்னி' என்று சேர்த்துக் கூப்பிடாவிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

"விழா மலர் அச்சுக்குப் போயாச்சு" என்றாள். "வக்கீலுக்கு ஒரு பக்கம், டாக்டருக்கு ஒரு பக்கம், இன்ஜினியருக்கு ஒரு பக்கம். உன்னை எங்க போடறதுன்னுதான் தெரியல. அப்ப கணக்குல முட்டை வாங்கின. இப்ப மார்க்கெட்ல முட்டை விக்கிற. முன்னேற்றம்னே ஒண்ணு கிடையாதாடி உனக்கு?"

மாரிவிக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். "விடு மாரே, பாவம்."

"என்ன பாவம்? இதுக்கா நம்ம சிஸ்டர்கள் அடிச்சு அடிச்சுப் படிக்க வச்சாங்க? ஸ்கூலுக்கே அவமானம். அதான் மலர்ல இருந்து இவ பேரையே எடுத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு, அட்டர்னி" என்றாள் நெனிட்டா. "அந்த கிளாஸ் போட்டோவுல நான் கண்ணை மூடிக்கிட்டு நிப்பேன்."

ரோவேனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மனமெல்லாம் பதக்கத்தில் இருந்தது. சிறந்த முன்னாள் மாணவி யார் என்று சாயங்காலத்துக்குள் விழாக் குழுத் தலைவியான மாரிவிக் முடிவு சொல்லியாக வேண்டும். போட்டியில் மிஞ்சியிருந்தது இரண்டே பேர்: ரோவேனாவும், விமானம் ஓட்டும் செசிலும்.

"செசிலும் லேசுப்பட்டவ இல்ல" என்றாள் மாரிவிக். "ஆனா உன் கதைதான் மேடையில எடுபடும், மாரே. சட்டம் முடிச்சதும் ரெண்டு வருஷம் அப்பாவோட அரிசி மில்லைப் பார்த்துக்கிட்ட. அப்புறம் மணிலாவுக்குப் போய் வக்கீல் பரீட்சை எழுதின. ஒரே தடவை, பாஸ்!"

"மூளை இருக்கறவளுக்கு ஒரு தடவை போதும்." ரோவேனா உதட்டைக் குவித்து நெனிட்டா பக்கம் காட்டினாள். "நான் யார்கிட்டயும் ஜெபம்கூடக் கேட்டதில்ல. முட்டையைத் தூக்கிட்டு ஓடறதெல்லாம் இந்த மாதிரி ஆளுங்க."

அப்போது சுவரிலிருந்த சின்ன ஜன்னல் திறந்தது. உள்ளே கறுப்புத் திரை. வெளியாட்கள் கண்ணில் படாத சகோதரிகள் அவர்கள். ஒரு வயதான குரல் மட்டும் வந்தது.

"யாரு, நெனிட்டாவா? செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுது. இந்தத் தடவை யாருக்கும்மா?"

"டாக்டர் மாரிவிக்கோட பொண்ணுக்கு, சிஸ்டர். அடுத்த வாரம் நர்ஸ் பரீட்சை எழுதுது. பேரு சீட்டுல இருக்கு."

மாரிவிக்கின் கைக்குட்டை வாயிலிருந்து இறங்கியது. "என் பொண்ணுக்கா? நான் உன்கிட்ட சொல்லவே இல்லியே!"

"மார்க்கெட்ல காதுல விழுந்துச்சு, டாக்டர்" என்றாள் நெனிட்டா, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் போல.

ரோவேனா பொறுமையிழந்து தன் கூடையை ஜன்னலுக்குள் தள்ளினாள். மேலே வைத்திருந்த சீட்டை அந்தக் குரல் எழுத்துக் கூட்டிப் படித்தது.

"மழை வேண்டாம்... அட்டர்னி ரோவேனா வில்யாருஸ்." குரல் நின்றது. பிறகு சந்தோஷத்தில் உயர்ந்தது. "ரோவேனா வில்யாருஸா! நெனிட்டா, இது நீ வக்கீல் பரீட்சைக்காக முட்டை கொண்டுவந்த பொண்ணுதானே? மூணு வருஷம், செப்டம்பர்ல பரீட்சை வர்றப்பல்லாம் இந்தப் பேரைச் சொல்லி ஜெபிச்சோமே! முதல் ரெண்டு வருஷமும் பேப்பர்ல பேர் வரலன்னு இங்கயே உட்கார்ந்து அழுதியே நீ!"

ரோவேனாவின் கை ஜன்னல் விளிம்பிலேயே நின்றுவிட்டது. அவள் அரிசி மில் பக்கமே போனதில்லை. இரண்டு வருடமும் பரீட்சை எழுதித் தோற்றது, அதைத் தெரிந்த ஒரே ஆளான அப்பாவோடு மண்ணுக்குள் போய்விட்டது என்றுதான் இதுவரை நம்பியிருந்தாள்.

மாரிவிக் மெதுவாகத் திரும்பினாள்.

"மூணு தடவையா, மாரே?"

ரோவேனா நெனிட்டாவைப் பார்த்தாள். இவள் 'ஆமாம்' என்று தலையசைத்தால் போதும். பதக்கம் செசிலுக்குப் போய்விடும், பேச்சு ஊர் முழுக்கப் போய்விடும்.

நெனிட்டா ஒருமுறை சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"அது வேற ரோவேனா, சிஸ்டர்."